பெரிய பாம்புக்கு மரக்கூண்டு: கட்டுவதற்கு முன் அறிய வேண்டியவை

புனே:

மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தில், சாகணை அடுத்த கரப்வாடியில் உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து 2017 டிசம்பரில் ஏராளமான நல்ல பாம்புகளும் கண்ணாடி விரியன்களும் மீட்கப்பட்டன. அவற்றை விஷம் எடுப்பதற்காக அடைத்து வைத்திருந்ததாக இருவர் கைது செய்யப்பட்டனர். வீட்டில் பாம்பு வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது சட்டத்தையே என்பதை இச்சம்பவம் உணர்த்துகிறது.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், இந்திய மலைப்பாம்பு ஆகிய மூன்றும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதலாவது அட்டவணையில் உள்ளன. இவற்றைச் சட்டவிரோதமாக வைத்திருப்போருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். போவா போன்ற, சைட்டீஸ் பட்டியலில் இடம்பெற்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024-ம் ஆண்டின் விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பெறுவோருக்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு.

பலகைத் தேர்வு

முறையாகப் பதிவு செய்த போவாவுக்குக் கூண்டு அமைப்பதாயின், பாம்பு முழுமையாக நீண்டு படுக்கும் அளவுக்கு அதன் நீளம் இருக்க வேண்டும். வளர்ந்த போவா 6 அடியைத் தாண்டும். ஈரத்தைத் தாங்கும் 710 தர மரைன் பிளைவுட் இதற்கு ஏற்றது.

தொழிற்பேட்டைகள் நிறைந்த சாகணில் சரக்கு ஏற்றும் பழைய மரப் பேலட்டுகள் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றில் 'எம்பி' என்ற முத்திரை இருந்தால், மெத்தில் புரோமைடு வாயுவால் பதப்படுத்தப்பட்டது என்று பொருள். அத்தகைய பலகையையும், எண்ணெய் படிந்த பலகையையும் தவிர்க்க வேண்டும். வாசனை எண்ணெய் மிகுந்த தேவதாரு மரமும் பாம்பின் சுவாசத்துக்குத் தீங்கானது.

பூச்சும் காய்ச்சலும்

தண்ணீர்த் தொட்டியிலிருந்து சிந்தும் நீரும் கழிவும் மூட்டுகளில் இறங்கினால் பலகை உப்பும், பூஞ்சை வளரும். எனவே உட்புறம் முழுவதும், குறிப்பாகப் பலகையின் வெட்டு முனைகளில், நீர் சார்ந்த பாலியூரித்தேனை மூன்று முறையாவது பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுவது அவசியம். மூலைகளைப் பூஞ்சைக்கொல்லி கலவாத, மீன் தொட்டிக்கு உரிய சிலிக்கான் கொண்டு அடைக்கலாம்.

அவசரப்படுவதே இப்பணியில் நேரும் பெரும் பிழை. பூச்சின் வாசனை அடியோடு நீங்கும் வரை கூண்டைக் காற்றோட்டமான இடத்தில் திறந்து வைக்க வேண்டும். வெப்ப விளக்கை ஏற்றிப் பார்த்தும் வாசனை எழவில்லை என்றால் மட்டுமே பாம்பை உள்ளே விடலாம்.

வெப்பமும் பூட்டும்

ஒரு முனையில் சுமார் 32 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் சுமார் 26 டிகிரி என வெப்பம் வேறுபட்டால், பாம்பு தனக்கு உகந்த இடத்தைத் தேர்ந்துகொள்ளும். விளக்கைச் சுற்றிக் கம்பி வலையும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட்டும் இல்லாவிடில் தீக்காயம் ஏற்படும்.

தலை நுழையும் இடைவெளியில் பாம்பின் உடலும் நுழைந்துவிடும். காற்றுத் துளைகளுக்கு உலோக வலையும், நகரும் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டும் கட்டாயம். கூண்டு சரியாக மூடப்பட்டிருப்பது பாம்புக்கு மட்டுமல்ல, அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பு.

மகாராஷ்டிரத்தில் வீட்டருகே காட்டுப் பாம்பைக் கண்டால் பிடிக்க முயலாமல், வனத்துறையின் 1926 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.