பதினேழு வயதும் பூந்தமல்லி நீதிமன்றமும்

தீவிரவாத வழக்கில் பிடிபட்ட ஒருவனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் என்ன நடக்கும்? பெரியவர்களோடு சேர்த்து அவனையும் கூண்டில் நிறுத்துவார்களா? அவன் கைபேசியில் கிடைத்த ஒரு காணொளியே போதுமா? பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இப்போது இந்தப் பயம் இருக்கிறது. சட்டம் இதற்கெல்லாம் தெளிவாகவே பதில் சொல்கிறது. அந்தப் பதில்கள் காவல் நிலையத்துக்கு ஓடும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூந்தமல்லியின் இடம்

தமிழ்நாட்டின் பெரிய தீவிரவாத வழக்குகள் பல, பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில்தான் நடந்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்த தடா (அன்றைய தீவிரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றத் தீர்ப்பு 1998 ஜனவரி 28 அன்று இங்கே வந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. 4 பேருக்குத் தூக்கை உறுதி செய்து, 3 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. பிறகு தடாவைப் போன்ற பொடா சட்டத்தின் காலத்தில் வைகோவும் பழ. நெடுமாறனும் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். இன்று தேசியப் புலனாய்வு முகமையின் (என்.ஐ.ஏ.) வழக்குகளும் இங்கே விசாரிக்கப்படுகின்றன.

பொடா பெரிதா, சிறார் சட்டம் பெரிதா?

2002 இறுதியில், அப்போதைய தர்மபுரி மாவட்டம் ஊத்தங்கரைப் பகுதியில் நக்சலைட்டுகள் என்று சொல்லிப் பலரைக் கைது செய்து பொடாவில் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குள் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பொடா எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், சிறார் விஷயத்தில் சிறார் நீதிச் சட்டமே மேலோங்கும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

இப்போது அந்தக் கொள்கை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 1(4) பிரிவு, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் சிறாரைப் பிடிப்பது, காவலில் வைப்பது, விசாரிப்பது, தண்டிப்பது எல்லாம் இந்தச் சட்டப்படியே என்கிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான 'ஊபா'வின் கீழ் வரும் வழக்கும் இதில் அடங்கும். ஒரே சம்பவத்தில் பெரியவரும் சிறுவரும் சிக்கினாலும் இருவரையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. தடை செய்யப்பட்ட ஆயுதக் குழு சிறாரைச் சேர்த்தால், சேர்த்தவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளையைக் குற்றவாளி என்று பார்க்கும் முன், அவனைப் பயன்படுத்திக்கொண்டவர் யார் என்று கேட்கச் சொல்கிறது சட்டம்.

முதல் 24 மணி நேரம்

பக்கத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். ஆவடி மார்க்கமாக சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், கல்லூரி மாணவர்களின் 'ரூட்டு' சண்டைக்காக ஒரு 17 வயதுப் பையன் பட்டாக்கத்தியைச் சுழற்றி ரீல்ஸ் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். காவல்துறை அவனை அழைத்துப் போகலாம். ஆனால் லாக்கப்பில் அடைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பையன் அவர் பொறுப்பில் வர வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அந்தக் குழுமம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. குற்றம் 'கொடிய' வகையாக இருந்தால், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால்தான் சிறார் மீது எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். மற்றவற்றில் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும்.

ஜாமீனிலும் அணுகுமுறை வேறு. 12ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் சிறாரை விடுவிப்பதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அப்போது கூர்நோக்கு இல்லத்துக்குப் போவான்.

எது 'கொடிய' குற்றம்?

குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம்தான் கொடிய குற்றம். 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர் மீது அப்படிப்பட்ட குற்றச்சாட்டு வந்தால், குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். செய்வதற்கான உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்த்து, தேவைப்பட்டால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். இந்த மதிப்பீட்டில் உளவியல் அறிந்தவரின் உதவி அவசியம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் வலியுறுத்தியது.

தீவிரவாதப் பிரிவுகள் எல்லாமே இதில் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. உயிர்ப்பலி ஏற்பட்ட தீவிரவாதச் செயலுக்கு ஊபாவில் தூக்கு அல்லது ஆயுள். அது கொடிய குற்றம். சதித்திட்டம், நிதி திரட்டல் போன்ற பிரிவுகளில் உச்சத் தண்டனை ஆயுள் என்றாலும் குறைந்தபட்சம் 5 ஆண்டுதான். குறைந்தபட்சம் 7 ஆண்டு இல்லாதவை கொடிய குற்றம் ஆகாது என்று 2020இல் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தகைய வழக்கை இளைஞர் நீதிக் குழுமமே விசாரித்து முடிக்க வேண்டும். அங்கே அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். குழந்தைகள் நீதிமன்றத்துக்கே போனாலும் தூக்கோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளோ சிறாருக்குக் கிடையாது.

வயதை எப்படி முடிவு செய்வார்கள்?

முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு வயது முன்பின் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982இல் குறிப்பிட்டது. மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாப் தனக்கு 18 ஆகவில்லை என்று 2009இல் வாதிட்டபோது, மருத்துவப் பரிசோதனையில் 20க்கு மேல் என்று தெரிந்து வாதம் தள்ளுபடி ஆனது. அத்தனை பேர் உயிரைப் பறித்த வழக்கிலும் நீதிமன்றம் முதலில் வயதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனது. ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு ஆதாரம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேமரா யாரைப் பார்க்க வேண்டும்?

தடா சட்டத்தில், எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லுபடியானது. எழுதலாம், ஒலிநாடாவிலும் பதியலாம் என்றே அந்தப் பிரிவு இருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலம் எழுத்தில் பதிவானது. பேட்டரி வாங்கிக் கொடுத்தது எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் சேர்க்கவில்லை என்று, பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளியே சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று. ஒலிநாடாவில் பதிந்திருந்தால் அந்த வாக்கியம் விசாரணையின்போதே நீதிபதியின் காதுக்குப் போயிருக்கும்.

2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் காணொளியில் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. இவை அதிகாரத்தைக் கண்காணிக்கும் கேமராக்கள். இவை பெருகட்டும்.

அதே கேமரா ஒரு சிறுவனின் முகத்தின் மீது திரும்பும்போது கதை மாறுகிறது. சிறார் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அவன் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றுக்காகக் கேட்டாலும் அந்தப் பதிவைக் காவல்துறை தரக் கூடாது. பெரும்பாலான வழக்குகளில் பதிவையே அழித்துவிட வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. திருந்தியவனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வேலை கிடைக்க வேண்டும், பழைய வழக்கு அதைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்பதே நோக்கம்.

கணினிக்குத் தானாக மறக்கத் தெரியாது. முகம் அடையாளம் காணும் மென்பொருளில் ஒரு சிறுவனின் படம் ஏறிவிட்டால், யாராவது நீக்கினால்தான் உண்டு. தெரு வாட்ஸ்அப் குழுவில் நாம் பரப்பிய சிசிடிவி துண்டை எந்த நீதிமன்றத்தாலும் முழுதாகத் திரும்பப் பெற முடியாது. நடுவர் மன்னித்து அனுப்பிய பையனை நாம் ஆயுளுக்கும் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். காவல் நிலையம் போனால் குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் என்று முதலில் கேளுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100 எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால் அடிக்கடி போய்ப் பாருங்கள். செங்கல்பட்டு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டு, பணியாளர்களே கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது அதன் பிறகுதான்.

இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் போட்டது நம் மாகாணம்தான்: 1920ஆம் ஆண்டு சென்னை குழந்தைகள் சட்டம். நூறு ஆண்டுக்கு மேல் நாம் காத்துவந்த கொள்கையைக் கையிலிருக்கும் கைபேசியால் உடைத்துவிடக் கூடாது. ஒரு சிறுவனின் முகம் தெரியும் காணொளி வந்தால் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.