வங்கி ஆய்வறிக்கையைக் கேட்கும் உரிமை

தம் ஆயுட்காலச் சேமிப்பை ஒரு வங்கியில் ஒப்படைத்திருக்கும் சாமானியப் பிரஜை, அவ்வங்கியின் கணக்குகளைச் சோதித்த ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்ன குறைகளைக் கண்டார்கள், அவற்றின்மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்பதற்கு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 10 ரூபாய்க் கட்டணத்தில் வழி செய்திருக்கிறது. ஆயினும் அவ்வழி நெடுங்காலம் இரகசியம் என்ற காரணத்தால் அடைபட்டே கிடந்தது.

வங்கிகள் நம்பிக்கையின்பேரில் தந்த விவரங்களை வெளியிடலாகாது, வெளியிட்டால் தேசத்தின் பொருளாதார நலனுக்கே பங்கம் விளையும் என்று ரிசர்வ் வங்கி வாதித்து வந்தது. ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் 2015 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்ட அதிகாரத்தைக் கொண்டு பெற்ற விவரங்களில் அத்தகைய நம்பிக்கை உறவுக்கே இடமில்லை என்றும், ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கும் வைப்பாளர்களுக்கும் உரியது என்றும் திட்டவட்டமாக உரைத்தது. அதன் பின்னும் மறுப்புகளுக்கு இடம் வைத்தே ரிசர்வ் வங்கி ஒரு வெளியீட்டுக் கொள்கையை வகுக்க, தீர்ப்புக்கு முரணான அக்கொள்கையைத் திரும்பப் பெறுமாறு 2019 ஏப்ரலில் நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. நட்டம் வந்தால் சுமக்கப்போகிறவனுக்கு முன்னறிவிப்பு மறுக்கப்படுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

விண்ணப்பம் எழுதுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று வினவினால், அபிப்பிராயம் கூறுவது எம் கடமையன்று என்று பொதுத் தகவல் அலுவலர் விடுத்துவிடலாம். ‘இன்ன வங்கியின் இன்ன நிதியாண்டுக்குரிய ஆய்வறிக்கையின் நகலும், அதன்மேல் அவ்வங்கிக்கு எழுதிய கடிதங்களின் நகல்களும்’ என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேட்பதே விவேகம். காரணம் கூற வேண்டியதில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவு சொன்னாலும், விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் பொதுநலன் கருதித் தரலாம் என்னும் 8(2) பிரிவின் துணையை நாடுகிறவர், அப்பொதுநலன் யாதென்று ஓரிரு வாக்கியங்களில் எழுதிவிடுவது நன்று. வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் மறைக்கப்பட வேண்டியவையே. அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தருமாறு 10ஆம் பிரிவின்படி முன்கூட்டியே கோரிவிட்டால், முழு அறிக்கையையும் மறுப்பதற்குரிய சாக்கு ஒன்று குறையும்.

தனியார் வங்கிகள் இவ்வெளியீட்டை எதிர்த்துத் தொடுத்த மனுக்கள் விசாரணைக்கு உரியவையே என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருப்பதால், அதைச் சுட்டி மறுப்பு வரவும் கூடும். அவ்வாறு வந்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் நிவாரணம் கிட்டாவிடில் 90 நாட்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்துகொள்ளலாம்.