பழுதுக்கு யார் எழுதிய விடைத்தாள்?

ஆரணியில் தறியிலிருந்து இறங்கிய பட்டுச்சேலை நேராகக் கடைக்குப் போய்விடுவதில்லை. முதலில் அதை மேசையில் விரிப்பார்கள். சரக்கு எடுப்பவர் உடல் பகுதியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். ஊடை எங்காவது நெருங்கி விழுந்து கோடு தெரிகிறதா, பாவில் ஓர் இழை அறுந்தது கவனிக்கப்படாமல் நாலு அங்குலம் ஓடியிருக்கிறதா, ஜரிகை தூக்கி நிற்கிறதா என்று பார்வை ஓடும். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும். நெய்தவருக்கு அதில் உடன்பாடு இல்லையென்றால்? இரண்டு பேரும் முப்பது வருட அனுபவசாலிகள். நடுவில் வைத்து அளக்க முழக்கோல் கிடையாது.

கேமராவைக் கொண்டு துணியில் பழுது கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கும் வெகுகாலம் இதே வியாதிதான் இருந்தது. ஒவ்வொரு குழுவும் தனக்குக் கிடைத்த ஆலையில் எடுத்த படங்களை வைத்துத் தன் முறையைச் சோதித்தது. ஒருவர் 95 சதவீதம் என்பார், இன்னொருவர் 98 என்பார். படங்களை வெளியே காட்டாதபோது எந்த முறை சிறந்தது என்று எப்படிச் சொல்வது? கேள்வித்தாளை எழுதியவரே பரீட்சையும் எழுதி, தானே திருத்தி, தானே மார்க் போட்டுக்கொள்வது போலத்தான்.

இதை மாற்றிய முயற்சிகளில் ஒன்று ஸ்பெயினின் அல்கோய் நகரிலிருந்து வந்தது. அதுவும் ஆரணியைப் போல நெசவால் பேர் வாங்கிய ஊர். அங்குள்ள ஐடெக்ஸ் என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் படத்தொகுப்பு 2019-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 7 வகைத் துணிகள், 245 படங்கள். 140 படங்களில் குறையே இல்லை. மீதி 105-இல் அறுந்த இழை, முடிச்சு, மடிப்பு என 12 வகைப் பழுதுகள். பழுது எங்கே இருக்கிறது என்று குறித்த விடைப்படமும் கூடவே உண்டு. இனி யார் புதுமுறை கண்டுபிடித்தாலும் இந்த 245 படங்களில் ஓட்டிக் காட்டலாம்.

படங்கள் பொதுவானால் மட்டும் போதாது, மார்க் போடும் முறையும் சரியாக இருக்க வேண்டும். ஐடெக்ஸ் படம் ஒவ்வொன்றும் 4,096 புள்ளி நீளம், 256 புள்ளி அகலம். மொத்தம் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். அதில் எட்டுப் புள்ளி தடிமனில் குறுக்கே ஓர் ஊடைப் பழுது ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2,048 புள்ளிகள், அதாவது படத்தில் 0.2 சதவீதம். எதையுமே பார்க்காமல் 'எல்லாம் நல்ல துணி' என்று சொல்லும் ஒரு மக்கு நிரலுக்கும் 99.8 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும்! அதனால் இத்துறையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்கள். பழுது என்று சொன்னவற்றில் நிஜப் பழுது எத்தனை? நிஜப் பழுதுகளில் கண்ணில் பட்டவை எத்தனை? முதலாவதில் தவறினால் நெசவாளியின் கூலி வீணாக வெட்டுப்படும். இரண்டாவதில் தவறினால் கடைக்காரர் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அதே 2019-இல் ஜெர்மனியின் மியூனிக்கிலுள்ள எம்விடெக் நிறுவனம் 15 வகைப் பொருள்களின் 5,354 படங்களை வெளியிட்டது. தரைவிரிப்பும் தோலும் அதில் உண்டு. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் ஒன்றில்கூடப் பழுது கிடையாது. நல்லதை மட்டும் பார்த்துப் பழகி, அதிலிருந்து விலகியதைக் கண்டுபிடிப்பதுதான் போட்டி. இந்தப் போட்டியில் நல்ல மார்க் வாங்கிய முறைகளில் ஒன்று, 2020-இல் பிரான்சில் உருவான படிம். ஒரு துணுக்கு வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது மகலனோபிஸ் தொலைவால் அளக்கிறது. கொல்கத்தாவில் மனித உடலளவுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த பி.சி. மகலனோபிஸ் 1936-இல் வெளியிட்ட கணக்கு அது. மனித உடலுக்கும் தரைவிரிப்புக்கும் ஒரே சூத்திரம்!

சில ஆண்டுகளிலேயே அந்தப் படங்களில் முன்னணி முறைகள் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. எல்லோரும் முதல் மார்க் வாங்கும் பரீட்சையால் யாருக்கும் பயன் இல்லை. 2025-இல் எம்விடெக் இரண்டாம் தொகுப்பைக் கொண்டுவந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், எட்டே வகைப் பொருள்கள், வெளிச்சம் மாறும் சூழல்கள். முக்கியமாக, இறுதிச் சோதனையின் விடைத்தாளை இம்முறை பூட்டிவைத்துக்கொண்டார்கள். பழுது இருக்கும் இடத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவில் முன்னணி முறைகளின் சராசரி 60 சதவீதத்தைத் தொடவில்லை. அந்த எட்டில் இரண்டு எவை தெரியுமா? துணியும் அரிசியும். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஆரணிக்காரர் கேட்டால் சிரித்துவிடுவார்.

சிரித்த கையோடு அவர் ஒரு கேள்வியும் கேட்கலாம். அல்கோய் பட்டியலில் முடிச்சு ஒரு பழுது. இழையில் திரளும் சிறு கட்டி ஒரு பழுது. குழித்தறியில் கையால் நெய்யும்போது சின்ன முடிச்சோ, ஊடையில் லேசான ஏற்ற இறக்கமோ வருவது சகஜம். இது விசைத்தறிச் சரக்கு அல்ல என்பதற்குப் பல நேரம் அதுவே சாட்சி. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தது. அந்த அடையாளத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும் ஊரில், ஆலைத்துணியைப் பார்த்துப் பழகிய நிரலை அப்படியே இறக்கினால் கைவேலையின் தடயத்தையே குறை என்று வெட்டும். வெளிநாட்டுப் படங்களில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் இங்கே அது ஃபெயில்தான்.

ஆகவே ஆரணிக்கு வேண்டியது ஆரணியின் விடைத்தாள். அதை எழுதும் விதத்துக்கும் கணக்கு உண்டு. ஒரே நூறு துண்டுகளை ஒரு மூத்த நெசவாளியும் ஒரு சரக்கு எடுப்பவரும், ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே குறிக்க வேண்டும். இருவரும் ஆளுக்கு 90 துண்டுகளை நல்லது என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 88 துண்டுகளில் கருத்து ஒத்துப்போகிறது. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கு அதே 90-ஐ நல்லது என்று குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலே சராசரியாக 82 ஒத்துப்போயிருக்கும். தற்செயலுக்கு மேல் கிடைக்கக்கூடிய 18-இல் கிடைத்தது 6 மட்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா அளவு இதைத்தான் சொல்கிறது. மனிதர்களே இந்த அளவுக்குத்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், இயந்திரத்துக்கு மார்க் போடுமுன் அந்த இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எது பழுது என்று பேசவைக்க வேண்டியிருக்கும்.

படத்தை ஊருக்கே திறந்துவிடுவதிலும் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. புது டிசைன் தெளிவான படமாக வெளியே போனால், மறுவாரமே விசைத்தறியில் அதன் நகல் ஓடலாம். நல்லவேளையாக, பழுது பார்க்கப் பழகும் நிரலுக்கு முழுச்சேலை தேவையில்லை. உள்ளங்கை அகலத் துணுக்குகள் போதும். உடலிலிருந்தும் ஓரத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்துவிட்டு, முந்தியை மடித்து வைத்துக்கொள்ளலாம்.