ஏற்காட்டுக்கு 20 வளைவு, உங்க ஃபைலுக்கு எத்தனை?

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. "12-வது வளைவுல வண்டி நின்னுடுச்சு"ன்னு சொன்னா மெக்கானிக் நேரா அங்க வந்துடுவார். எண் இல்லைன்னா "ஒரு பெரிய மரம், பக்கத்துல ஒரு பாறை"ன்னு விளக்கிட்டே இருக்கணும். பக்க வடிவமைப்பில் பத்திகளுக்கும் இதே கதைதான். பெயர் இருந்தால்தான் கூப்பிட முடியும்.

ஏற்காடு பற்றி 16 பக்க வழிகாட்டி ஒண்ணு போடுறோம்னு வச்சுக்குவோம். ஏரி பற்றிய கட்டுரை வேர்டில் வருது. சேர்வராயன் கோயில் பற்றியது வாட்ஸ்அப்பில் வருது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்த கதை, ஒரு பழைய மலரின் பேஜ்மேக்கர் ஃபைலில் பாமினி எழுத்துருவில் இருக்கு. மூன்றையும் இன்டிசைனில் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு பத்தி 12 பாயின்ட், அடுத்தது 10.5. ஒன்றின் தொடக்கத்தில் டேப், இன்னொன்றில் ஐந்து ஸ்பேஸ். பத்திகளுக்கு நடுவே சில இடத்தில் ஒரு என்டர், சில இடத்தில் மூணு.

இதை ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்து கையால் சரிசெய்வதுதான் நம்மில் பலருடைய வழக்கம். ஆனா கடைசி நாளில் "16 பக்கத்துல அடங்கல, 11 பாயின்ட் ஆக்குங்க"ன்னு அச்சகத்தில் சொன்னா, மறுபடி முதல்ல இருந்து வரணும்.

இதற்கு மருந்து பத்தி ஸ்டைல். தலைப்பு, உபதலைப்பு, உடல் பத்தி, படக்குறிப்பு என நாலு ஸ்டைல் போதும். எழுத்தளவு, வரி இடைவெளி, முதல் வரி உள்தள்ளல், பத்திக்குப் பின் இடைவெளி எல்லாமே ஸ்டைலுக்குள் இருக்கணும். என்டரும் ஸ்பேஸும் இடைவெளி விடும் கருவிகள் இல்லை. அப்புறம் 11 பாயின்ட் ஆக்குவது ஒரே இடத்தில் செய்யும் ஒரே மாற்றம்.

இன்டிசைனில் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால், அந்தப் பத்தியில் யாரோ ஸ்டைலுக்கு மேலே கைவைச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆல்ட் விசையோடு ஸ்டைல் பெயரைக் க்ளிக் செய்தால் அந்தக் கைவேலை நீங்கிவிடும். லிப்ரே ஆஃபீஸில் பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எம்.

ஆங்கிலப் பாடங்கள் இங்கேயே முடிஞ்சிடும். தமிழுக்கு இங்கேதான் ஆபத்து தொடங்குது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து உண்மையில் ஃபைலில் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைஞ்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். பாமினியில் 'ஏற்காடு' என்பது வி, டபிள்யூ, அரைப்புள்ளி, எஃப், எச், எல். அந்தப் பத்தியின் வடிவத்தை நீக்கினால் எழுத்துருவும் போகும். காக்பர்ன் கதை முழுக்க ஆங்கிலக் குப்பையாக நிற்கும். அதாவது, அங்கே எழுத்துரு வெறும் அலங்காரம் இல்லை, அதுதான் மொழியே.

அதனால வரிசை முக்கியம்:

1. முதலில் பழைய எழுத்துருவில் இருப்பதை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றுங்க. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி உளறலாகும். அவற்றைத் தனியாகச் சரிபாருங்க.

2. தடித்த, சாய்ந்த எழுத்துகள் அவசியம் என்றால் அவற்றுக்குத் தனி எழுத்து ஸ்டைல் கொடுங்க. இல்லைன்னா கைவேலையை நீக்கும்போது அதுவும் போயிடும்.

3. இரட்டை என்டர், தொடர் ஸ்பேஸ்களைத் தேடி ஒற்றையாக்குங்க.

4. பிறகு ஸ்டைல் போட்டு, மிச்சக் கைவேலையை நீக்குங்க.

இன்னும் ரெண்டு தமிழ்ச் சிக்கல் இருக்கு. இன்டிசைனில் ஒரு பத்தியில் மட்டும் 'கொ' உடைஞ்சு, கொம்பு இடம் மாறி நிக்குதா? எழுத்துருவைத் திட்டாதீங்க. எழுத்துகளைக் கோக்கும் கம்போசர் என்பதும் ஒரு பத்தி அமைப்புதான். ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்க. லிப்ரே ஆஃபீஸில் எழுத்தளவை மாற்றியும் தமிழ் மட்டும் அசையலையா? ஸ்டைலில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் அளவு, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு அளவு இருக்கும். ரெண்டையும் மாற்றணும்.

2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவிச்சது. ஆனாலும் அதற்கு முன் அடிச்ச எத்தனையோ மலர்களும் ஊர் வரலாறுகளும் பழைய எழுத்துருக்களில் அப்படியே கிடக்கு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைப் படிக்க முடியாது, தேடவும் முடியாது. யாராவது "ஃபைலைச் சுத்தம் பண்றேன்"னு ஒரு க்ளிக் தட்டினால் போச்சு.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு சின்னச் சோதனை: பிடிஎஃப் எடுக்கும் முன், உங்க ஃபைலில் 'ஏற்காடு' என்று தமிழில் தேடுங்க. ஒவ்வொரு கட்டுரையிலும் அகப்பட்டால் உள்ளே இருப்பது நிஜத் தமிழ். ஒரு கட்டுரையில் மட்டும் அகப்படலைன்னா, அங்கே இன்னும் பாமினி ஒளிஞ்சிருக்கு.