காப்பித்தூள் விற்கும் உறுப்பினர்கள் கவனத்திற்கு

"அண்ணாச்சி, நல்ல காப்பித்தூளா கொடுங்க" என்று கேட்டு வருவோர் மாத்தூர்க் கடைகளில் ஏராளம். எது நல்லது என்று சொல்ல, சரக்கை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கொட்டையில் அராபிகா, ரோபஸ்டா என இரு முக்கிய வகைகள். அராபிகா மணத்திற்கு, ரோபஸ்டா கசப்புக்கும் திடத்திற்கும். 'பீபெரி' தனி இனமல்ல. பழத்தில் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைவது.

சிக்கரி காப்பியே அல்ல. ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் வரும். கலந்து விற்பது தவறல்ல, மறைத்து விற்பதே தவறு. கலவையில் காப்பி 51 சதவீதத்திற்குக் குறையக்கூடாது. இரண்டின் சதவீதமும் பாக்கெட்டின் மீது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

மொத்தக் கடையில் வாங்கிய தூளில் சந்தேகமா? கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சிறிது தூவுங்கள். காப்பி சற்று நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடிட்டு உடனே மூழ்கும்.

வாடிக்கையாளருக்கும் நாலு வார்த்தை சொல்வோம். பில்டரில் தூளை லேசாக அழுத்தி, கொதிநீர் ஊற்றி, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். இன்ஸ்டன்ட் தூள் ஏற்கெனவே வடித்து உலர்த்தியது. அதற்குப் பில்டர் வேண்டாம். அரைத்த தூள் சில நாட்களிலேயே மணம் இழக்கும். ஆகவே கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கட்டும்.

சிக்கரி எவ்வளவு என்று நாமே முன்வந்து சொல்வோம். அந்த நம்பிக்கைதான் நம் கடைக்கு முதல்.