குழந்தையின் தொப்புளை டாக்டர் ஏன் உற்றுப் பார்க்கிறார்? தெரியுமா?

பொடுகு என்று நினைத்து மாதக்கணக்கில் ஷாம்பூ போட்டுத் தேய்க்கிறோம். டாக்டரோ காதுக்குப் பின்னால் பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார், சாக்ஸைக் கழற்றச் சொல்லிக் கால் நகம் வரை பார்க்கிறார்! எதற்காம்? பிள்ளைகளிடம் சொரியாசிஸ் என்னும் தோல் நோய் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவைதான்! நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குட்டிக் குட்டிக் குழிகள் தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி!

பெரியவர்கள் நோய் என்றா நினைத்தீர்கள்? சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது சிறு வயதிலேயே தலைகாட்டிவிடுகிறது!

தோல் செல் ஒன்று அடியில் பிறந்து, மேலே வந்து உதிர எத்தனை நாள்? ஏறக்குறைய 28! சொரியாசிஸில்? வெறும் 3 முதல் 5 நாள்! வந்ததெல்லாம் உதிராமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதுதான் சொரியாசிஸின் வெள்ளிச் செதில். பிள்ளைகளுக்குச் செதில் மெல்லிசாக இருப்பதால் எக்ஸிமா என்று ஏமாந்துபோவதும் உண்டு.

சொரியாசிஸைக் கண்டுபிடிக்க எந்த ரத்தப் பரிசோதனை? ஒன்றுமே கிடையாது! பெரும்பாலும் டாக்டரின் கண்ணும் கையும்தான். தோலைத் துளி வெட்டிச் சோதிப்பதுகூட அபூர்வம். செதிலை மெல்ல எடுத்தால் அடியில் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் துளிர்க்கும்!

வீட்டில் சுரண்டிப் பார்த்துவிடாதீர்கள்! காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு முளைக்கலாம். 1870களில் ஜெர்மன் டாக்டர் ஹைன்ரிக் கோப்னர் பார்த்த நோயாளிக்கு எங்கெல்லாம் வந்தது தெரியுமா? பச்சை குத்திய இடத்தில்! குதிரை கடித்த இடத்தில்!

டயாப்பர் போடும் பாப்பாவுக்கும் வருமா? வரும்! ஈரத்தால் வரும் சாதாரணச் சிவப்பு தொடை மடிப்பை விட்டுவிடும்; சொரியாசிஸ் மடிப்புக்குள்ளேயும் புகுந்து, கோடு போட்டாற்போல் ஓரம் தெரியச் சிவந்திருக்கும்.

இனி பெரிய ஆச்சரியம். உடம்பெல்லாம் திடீரென்று சிவப்புப் பொட்டுகள்; இதுவும் ஒரு வகைச் சொரியாசிஸ்தான். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: “ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி தொண்டை வலிச்சுதா கண்ணு?” தோலில் பொட்டு, விசாரணை தொண்டைக்கு! காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. அதை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்புப் படை, ஆள் தெரியாமல் சொந்தத் தோலையே தாக்குகிறது! தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சோதிப்பார்கள். சில பிள்ளைகளுக்கு ஆசனவாய் ஓரத்திலும்! பலருக்குச் சில மாதங்களில் பொட்டுகள் தானாகவே மறைந்துவிடும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்குக்குச் சொரியாசிஸ் தொடங்கியது ஆறு வயதில், தட்டம்மைக்குப் பிறகு!

தொட்டால் ஒட்டுமா? ஒட்டவே ஒட்டாது! பக்கத்தில் உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்!

எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்கும் கருவி எது? குழந்தையின் சொந்தக் கை! விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம்!

எலும்பு மருந்து தோலைச் சரிசெய்யுமா? 1985-ல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்டவருக்குச் சொரியாசிஸ் அடங்கியது! அந்த வழியில் வந்த களிம்பு இன்று பிள்ளைகளுக்கும் உண்டு.

கோவா பவுடர் கதை இன்னும் வேடிக்கை! பிரேசில் மரத்தின் தூள் போர்ச்சுகீசியர் கையில் கோவா வந்து, படர்தாமரை மருந்தாக விற்றது. படர்தாமரை என்று தவறாக நினைத்து அதைப் பூசிய ஒருவருக்கு மறைந்ததோ சொரியாசிஸ்! லண்டன் டாக்டர் பால்மனோ ஸ்கொயர் 1876-ல் இதை வெளியிட, 1916-ல் அதன் செயற்கை வாரிசாக டித்ரனால் வந்தது. ஒரே தொல்லை, சட்டை துண்டெல்லாம் ஊதாக் கறை!

புற்றுநோய் மருந்தாகப் பிறந்த மெத்தோட்ரெக்ஸேட், கடுமையான சொரியாசிஸ் உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த அளவில் தரப்படுகிறது. தினமும் அல்ல, வாரம் ஒரே ஒரு நாள்! வாய்வழி ஸ்டீராய்டை மட்டும் டாக்டர்கள் தவிர்க்கவே பார்ப்பார்கள். நிறுத்தியதும் நோய் சீறிக்கொண்டு, சீழ்க் கொப்புளமாகக்கூடத் திரும்பலாம்!

நாலு வயதுக் குழந்தைக்கும் ஊசி உண்டா? உண்டு! எட்டனர்செப்ட் ஊசிக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஸ்டீராய்டு களிம்பு எவ்வளவு பூசுவது? அதற்கும் கணக்கு இருக்கிறது! பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கோட்டிலிருந்து நுனி வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும்!