செங்கடலுக்குச் சுழியோடச் செல்பவர்களும் வீட்டில் காத்திருப்பவர்களும்

ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்து வரும் எமது பிள்ளைகளில் சிலர் விடுமுறைக்குத் தெரிவு செய்யும் இடங்களுள் எகிப்தின் செங்கடற் கரையும் ஒன்று. இலண்டனிலிருந்து சுமார் ஐந்து மணித்தியால விமானப் பயணத்தில் ஷார்ம் அல் ஷேக், ஹுர்கதா, மர்சா அலம் ஆகிய நகரங்களை அடைந்து விடலாம். தெளிந்த நீரும் பவளப் பாறைகளும் மூழ்கிய கப்பல்களும் உலகெங்குமுள்ள சுழியோடிகளை அங்கு ஈர்க்கின்றன. ஆனால் "செங்கடலில் சுழியோடப் போகிறேன்" என்று பிள்ளை தொலைபேசியில் கூறியதும், மட்டக்களப்பிலோ சாய்ந்தமருதிலோ பருத்தித்துறையிலோ இருக்கும் தாயின் மனம் முதலில் காண்பது பவளப் பாறைகளை அல்ல.

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்து இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. கிழக்கிலும் வடக்கிலும் தென்னிலங்கையிலும் அந்நாளை நேரில் கண்ட குடும்பங்களுக்குக் கடல் வெறும் காட்சிப் பொருளல்ல. எனவே, இத்தகைய பயணத்தில் நியாயமாக அஞ்ச வேண்டியவை எவை, அச்சம் தேவையற்றவை எவை என்பதைப் போகின்றவரும் வீட்டிலிருப்பவரும் சேர்ந்தே ஆராய்வது பயனுடையதாகும்.

கண்ணுக்குத் தெரியும் அச்சங்கள்

எகிப்து என்றதும் முதலில் எழுவது பயங்கரவாதம் பற்றிய அச்சமாகும். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2005 ஜூலையில் ஷார்ம் அல் ஷேக்கில் இடம்பெற்ற குண்டுத் தாக்குதல்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2015 ஒக்டோபர் 31 ஆம் திகதி அந்நகரிலிருந்து புறப்பட்ட ரஷ்யப் பயணிகள் விமானம் சினாய்க்கு மேல் சிதறி 224 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பிரித்தானியா அந்நகருக்கான தனது விமான சேவைகளை நிறுத்தியது. அத்தடை 2019 ஒக்டோபரிலேயே நீக்கப்பட்டது. சினாயின் வட பகுதியும் தென் கரையோரச் சுற்றுலா நகரங்களும் பாதுகாப்பில் ஒரே நிலையில் உள்ளவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பயணத்துக்கு முன்னர் தாம் வாழும் நாட்டின் வெளிநாட்டமைச்சு வெளியிடும் பயண அறிவுறுத்தலைப் பார்ப்பதே இதில் செய்யத்தக்கது. தடை செய்யப்பட்ட பகுதிக்குச் சென்றால் காப்புறுதியும் செல்லுபடியற்றதாகக்கூடும்.

இரண்டாவது அச்சம் சுறாக்களைப் பற்றியது. செங்கடலின் எகிப்தியக் கரையில் 2010, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் சுறாத் தாக்குதல்களால் மரணங்கள் நேர்ந்தன. எனினும் இச்சம்பவங்களில் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பில் நீந்தியவர்களே.

இவ்வச்சம் எமக்குப் புதிதுமல்ல. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், 'கடல்கட்டி' எனப்பட்ட மந்திரவாதி சுறாக்களின் வாயைக் கட்டாமல் சுழியோடிகள் நீரில் இறங்க மறுத்தனர் என்பதையும், ஆங்கிலேய அரசாங்கமே அவருக்கு ஊதியம் வழங்கியதையும் 19 ஆம் நூற்றாண்டு நூல்கள் பதிவு செய்துள்ளன. மந்திரம் சுழியோடிக்கு மனத்துணிவைத் தந்திருக்கலாம். ஆனால் மூச்சு முட்டும் தறுவாயில் அவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்தெடுத்தவர் படகிலிருந்த உதவியாளரே. இன்றைய பயணத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அக்கயிற்றைப் பற்றியதுதான்: மேலே இருப்பவர் யார்? அவர் விழித்திருக்கிறாரா?

படகு என்னும் ஆபத்து

செங்கடலில் சுழியோடச் செல்வோர் பலர் ஒரு வாரம் வரை படகிலேயே தங்குகின்றனர். அண்மைய ஆண்டுகளின் பெரும் உயிரிழப்புகள் சில நீருக்கடியில் அல்ல, இப்படகுகளிலேயே ஏற்பட்டன. 2023 ஜூனில் மர்சா அலத்துக்கு அருகே 'ஹரிக்கேன்' என்ற படகு தீப்பற்றியதில் பிரித்தானியர் மூவர் உயிரிழந்தனர். 2024 நவம்பர் 25 ஆம் திகதி அதிகாலையில் 'சீ ஸ்டோரி' என்ற படகு கவிழ்ந்தது. 35 பேர் உயிர் தப்பினர். 11 பேர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுட் சிலர் கவிழ்ந்த படகின் அறைகளுக்குள் எஞ்சியிருந்த காற்றைச் சுவாசித்தவாறு ஒரு நாளுக்கும் மேலாகச் சிக்கியிருந்தனர்.

இது எகிப்துக்கு மட்டும் உரிய குறையல்ல. 2019 செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் 'கொன்செப்ஷன்' என்ற சுழியோட்டப் படகு இரவில் தீப்பற்றியபோது, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் மாண்டனர். இரவில் படகைச் சுற்றிவந்து காவல் பார்ப்பதற்கு எவரும் நியமிக்கப்படாமை விசாரணையில் பெருங் குறையாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னரே சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இரவில் காவல் உண்டா? உறங்கும் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உள்ளனவா? புகை எச்சரிக்கைக் கருவி இயங்குகிறதா? கமராக்கள், மின்விளக்குகள் ஆகியவற்றின் லித்தியம் மின்கலங்கள் எங்கே, எப்பொழுது மின்னேற்றப்படுகின்றன? முதல் நாளிலேயே உயிர்காப்பு அங்கிகளும் வெளியேறும் பாதைகளும் காட்டப்படுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத நிறுவனம் எவ்வளவு மலிவாக அழைத்தாலும் அதனைத் தவிர்ப்பதே நல்லது.

உடல் அறிந்துகொள்ள வேண்டியவை

நீருக்குள் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகின்றது. 10 மீற்றர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து உள்ளிழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், அவரது நுரையீரலிலுள்ள வளி இருமடங்காக விரிய முனையும். நுரையீரல் கிழிந்து வளிக்குமிழ் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயை அடைக்கலாம். பதற்றத்தில் வேகமாக மேலேறுவது உயிராபத்தாவது இதனாலேயே.

பொழுதுபோக்குச் சுழியோட்ட மரணங்கள் தொடர்பாக 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, 1992 முதல் 2003 வரையான 947 மரணங்களைப் பரிசீலித்தது. ஆரம்பக் காரணத்தை இனங்காணக்கூடியதாக இருந்த மரணங்களில் 41 சதவீதமானவை சிலிண்டரில் வளி போதாமையால் தொடங்கியவை. உயிரிழப்புக்கு இட்டுச் சென்ற பாதிப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருதயம் சம்பந்தப்பட்டவை. அதாவது, அளவுமானியை அடிக்கடி பார்ப்பதும் புறப்படுமுன் இருதயத்தைப் பரிசோதிப்பதும் சுறாவைப் பற்றிக் கவலைப்படுவதைவிடப் பன்மடங்கு பயனுள்ளவை.

நீரிழிவும் இருதய நோயும் தெற்காசியச் சமூகங்களில் இளவயதிலேயே தோன்றுகின்றன. சுழியோட்டப் பயிற்சிக்கு முன்னர் தரப்படும் மருத்துவ வினாக்கொத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று குறித்துவிடும் ஆசை பலருக்கு உண்டு. 'ஆம்' என்றால் வைத்தியரின் சான்று கேட்பார்கள், பயணம் தடைப்படலாம் என்பதே காரணம். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய் போன்றவற்றை மறைப்பவர் தமது உயிரை மட்டுமன்றி, நீருக்குள் தம்முடன் வரும் துணையின் உயிரையும் பணயம் வைக்கிறார். குடும்பத்தில் எவருக்கு என்ன நோய் இருந்தது என்பதைத் தாயே நன்கறிவார். அவரது கவலை பயனுள்ள தகவலாக மாறும் இடம் இதுவேயாகும்.

ஆழமும் உயரமும்

அமுக்கத்தின் கீழ் சுவாசிக்கும்போது நைதரசன் வாயு உடலின் இழையங்களில் கரைகின்றது. விரைவாக மேலேறினால் சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலி, மரத்துப்போதல், சில வேளைகளில் பக்கவாதம் வரை கொண்டுசெல்லும். மெதுவாக மேலேறுவதும் 5 மீற்றரளவில் 3 நிமிடம் தரித்து நிற்பதும் இதனைத் தடுப்பதற்கே.

கரையேறிய பின்னரும் அபாயம் முடிந்துவிடுவதில்லை. விமான அறையின் அமுக்கம் நிலமட்டத்தைவிடக் குறைவானது. எனவே ஒரே ஒரு முறை சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல நாட்கள் தொடர்ந்து சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலமும் கழித்தே விமானம் ஏற வேண்டுமென அறிவுறுத்தப்படுகின்றது. சினாய்க்குச் செல்வோர் பலர் மூஸா நபி இறைவனுடன் உரையாடிய இடமாகப் போற்றப்படும் ஜபல் மூஸா மலையையும் காண விரும்புவர். அதன் உயரம் 2,285 மீற்றர். காலையில் சுழியோடிவிட்டு இரவில் அம்மலையேறுவது விமானம் ஏறுவதற்கு ஒப்பானதே. மலையை முதலில் கண்டுவிட்டுக் கடலுக்குச் செல்வது புத்திசாலித்தனம்.

ஆழத்தின் எல்லையும் அத்தகையதே. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் அதியுயர் எல்லை 40 மீற்றராகும். தொடக்கப் பயிற்சி பெற்றவருக்கு அது 18 மீற்றர் மட்டுமே. தஹாப் நகருக்கு அருகிலுள்ள 'நீலக்குழி'யின் புகழ்பெற்ற வளைவு சுமார் 55 மீற்றர் ஆழத்தில் உள்ளது. அதனூடாகச் செல்ல முயன்று மாண்டவர்களின் நினைவுக் கற்கள் கரைப் பாறையில் பதிக்கப்பட்டுள்ளன. அவர்களை அங்கு எவரும் வற்புறுத்தி அனுப்பவில்லை.

வீட்டில் பேச வேண்டியவை

"போக வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லால் வளர்ந்த பிள்ளையைத் தடுத்துவிட இயலாது. சொல்லாமலே செல்லும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும். அதேபோல், "ஒன்றும் நடக்காது, அம்மா" என்பதும் பதிலாகாது. படகின் பெயர், பயண நாட்கள், தொலைபேசித் தொடர்பு கிடைக்காத நாட்கள், காப்புறுதி இலக்கம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துச் செல்வது பிள்ளையின் கடமை. சாதாரண பயணக் காப்புறுதிகள் பல சுழியோட்டத்தை விலக்குகின்றன, அல்லது குறிப்பிட்ட ஆழத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. அமுக்க அறைச் சிகிச்சைக்கும் அவசர இடமாற்றத்துக்கும் பெருந்தொகை தேவைப்படும் என்பதால், அந்தச் சிறிய எழுத்துகளை வாசிக்காமல் புறப்படுவது குடும்பத்தின் மீது கடனை ஏற்றும் செயலாகும்.

பெற்றோர் கேட்க வேண்டிய முக்கிய கேள்வி ஒன்றுண்டு. கடல் கொந்தளிப்பாக இருந்தாலோ, உடல் சோர்ந்திருந்தாலோ, குழுவில் எல்லோரும் இறங்கும்போது "நான் இன்று இறங்கவில்லை" என்று சொல்ல முடியுமா? கட்டிய பணமும் நண்பர்களின் கேலியும் அவ்வேளையில் பாரமாக இருக்கும். அதனைத் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய பிள்ளையை நம்பி அனுப்பலாம். சொல்ல முடியாதென்றால், அந்தப் பயணத்தை இன்னும் ஒரு வருடம் பிற்போடுவதில் நட்டம் எதுவுமில்லை. செங்கடல் அங்கேயே இருக்கும்.